பச்சை காட்டிய கறுப்பு லாட்: சர்வர் சிப்பை மாற்றிய பிறகு நடந்தது

பின்னணி

கோவையில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. திருப்பூரைச் சுற்றியுள்ள சில சாயப்பட்டறைகளுக்கு நிறக் கணக்கு போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்து, பராமரித்தும் வருகிறோம். இதில் வரும் பட்டறை, பனியன் கம்பெனி, ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. தப்பு எங்களுடையது என்பதால் அது யாருக்கும் தேவையும் இல்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஒரே தடவையில் சாயம் ஏறி வந்த துணித் தொகுதியை லாட் என்பார்கள். அந்தத் துணி, வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று லைட் பாக்ஸில் கண்ணாலும் பார்ப்பார்கள், ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்தும் அளப்பார்கள். கருவி மூன்று எண்களைக் கொடுக்கும். எல் என்பது வெளுப்பா கறுப்பா என்று சொல்லும்; ஏ என்பது சிவப்புப் பக்கமா பச்சைப் பக்கமா; பி என்பது மஞ்சளா நீலமா. மாதிரியின் மூன்று எண்களுக்கும் லாட்டின் மூன்று எண்களுக்கும் உள்ள தூரத்தை ஒரே எண்ணாகச் சுருக்கினால் அதுதான் டிஈ. அதற்குள்ளே மூன்று பங்குகள் உண்டு: வெளுப்பு வித்தியாசம் (டிஎல்), நிற அடர்த்தி வித்தியாசம் (டிசி), நிறச் சாயல் வித்தியாசம் (டிஹெச்). இந்தப் பட்டறை பயன்படுத்துவது, மூன்று பங்குகளுக்கும் தனித்தனி எடை கொடுக்கும் சிஎம்சி 2:1 சூத்திரம். டிஈ 1.0-க்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ஃபெயில்.

ஃபெயில் ஆன லாட் மறுபடி சாய மெஷினுக்குப் போக வேண்டும். நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆனதும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் ஒரு லாட்டை இரண்டாம் தடவை நனைப்பது என்றால் சாயச் செலவு மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது. அதனால் பாஸா ஃபெயிலா என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு லேபில் மரியாதை அதிகம்.

எங்கள் கணக்குப் பகுதி சி மொழியில் எழுதியது, நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரில் கட்டியது. பல வருடமாக இன்டெல் வகை சிப் உள்ள வாடகை சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை குறைகிறது என்பதற்காக 64-பிட் ஆர்ம் சிப் உள்ள சர்வருக்கு மாற்ற முடிவு செய்தோம். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. புது சர்வரில் மறுபடி கம்பைல் செய்தோம், அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு முன் பார்த்ததும் முடிவு செய்ததும்

சும்மா தூக்கி வைத்துவிடவில்லை. கடந்த ஓராண்டு அளவீடுகளை எல்லாம் பழைய சர்வரிலும் புது சர்வரிலும் ஓட்டி, இரண்டு விடைக் கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அப்போதிருந்த சோதனை. ஆயிரக்கணக்கான வரிகள் ஒத்துப்போகவில்லை.

திறந்து பார்த்தால் எல்லாம் 15-ஆம், 16-ஆம் இலக்கத்தில் வித்தியாசம். இது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஆபீஸிலேயே ஒரு பழைய டெஸ்க்டாப்புக்கும் புது லேப்டாப்புக்கும் நடுவே கடைசி இலக்கம் ஒத்துவராது. இரண்டும் இன்டெல் வகைதான், நிரலும் அதேதான், லினக்ஸும் அதேதான். காரணம், லினக்ஸில் உள்ள ஜிலிப்சி நூலகம் அடுக்கு, மடக்கை போன்ற கணக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை வைத்திருக்கிறது. ஓடத் தொடங்கும்போது சிப்பில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்றதை எடுத்துக்கொள்ளும். கணினியில் புள்ளி வைத்த எண்களின் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரநிலை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றில் கடைசி பிட் வரை ஒரே விடை வர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறது. அடுக்குக்கும் சைனுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். ஆகவே நூலகம் வேறானால் கடைசி இலக்கம் வேறாகும்.

இந்த அனுபவம்தான் எங்களைக் கெடுத்தது. "தூசி" என்றார் எங்கள் மூத்தவர். நானும் அதையேதான் நினைத்தேன். நிறம் அளக்கும் கருவியே இரண்டு தசமம் வரைதான் எழுதித் தருகிறது. 16-ஆம் இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? சோதனையை மாற்றினோம். இரண்டு விடைகளின் வித்தியாசம் 0.000001-ஐ விடப் பெரிதாக இருந்தால் மட்டும் சிவப்பு காட்டு என்று எழுதினோம். மறுபடி ஓட்டினோம். ஒரு சிவப்பும் இல்லை. அன்று மாலையே சர்வர் மாறியது.

அந்த நேரத்து முடிவு நியாயமானதுதான் என்று இப்போதும் சொல்வேன். மிதவைப் புள்ளி எண்களை, அதாவது கணினிக்குள் இருக்கும் புள்ளி வைத்த எண்களை, சமக்குறி போட்டு ஒப்பிடாதே, சிறு இடைவெளி கொடுத்து ஒப்பிடு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களுடைய கோளாறு இடைவெளி கொடுத்ததில் இல்லை. அந்த ஒப்பீட்டு வரியை எப்படி எழுதினோம் என்பதில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

ஐந்தாவது வாரம்

பட்டறையின் லேப் பொறுப்பாளர் காலை ஒன்பது மணிக்குள் கூப்பிட்டார். பொதுவாக அவர் கூப்பிடுவது மாதம் ஒருமுறை, அதுவும் பில் சம்பந்தமாகத்தான்.

"தம்பி, ஒரு கறுப்பு லாட்டுங்க. நேத்து பாஸ்னு பச்சை காட்டுச்சு, அனுப்பிட்டோம். இப்ப கட்டிங் மாஸ்டர் ரிப்பும் பாடியும் சேரலைனு சத்தம் போடறாருங்க. திரும்ப எடுத்துப் பாத்தா டிஈ இருக்கற எடத்துல வெறும் கோடுதான் இருக்குது. பக்கத்துல பாஸ்னு இருக்குது. எதை நம்பறதுங்க?"

பனியனில் கழுத்துக்கு வரும் ரிப் துணி ஒரு லாட், உடம்புக்கு வரும் பாடி துணி இன்னொரு லாட். இரண்டும் தனித்தனியாகச் சாயம் ஏறி வந்து, கட்டிங் மேஜையில்தான் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கின்றன. கறுப்பில் வெளுத்த கறுப்பு, நீலம் அடித்த கறுப்பு என்று அங்கே கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு மணி நேரம் தப்பான இடத்தில் தேடினோம். லேபில் கருவியின் வெள்ளை டைலைத் துடைத்து மறுபடி அளவு திருத்தினார்கள். துணி ஈரமாக இருந்ததா, மடிப்பு குறைவாக வைத்து அளந்தார்களா என்று கேட்டோம். கருவி எழுதிய கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் எங்கள் பக்கம் திரும்பியது. கோப்பில் எண்கள் சுத்தமாக இருந்தன:

மாதிரி: எல் 17.00, ஏ 0.00, பி -0.70
லாட்: எல் 18.50, ஏ 0.00, பி -1.40

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். டிஎல் 1.5, டிசி 0.7, சாயல் மாறவே இல்லை என்பதால் டிஹெச் சுழி. சிஎம்சி எடைகளைப் போட்டால் டிஈ சுமார் 1.74. சந்தேகமே இல்லாத ஃபெயில். என் லேப்டாப்பில் நிரலை ஓட்டினால் அதுவும் 1.74 என்றது. சர்வரில் ஓட்டினால் "நேன்" என்றது.

நேன் என்றால் "நாட் எ நம்பர்", எண்ணே அல்லாத ஒன்று. சுழியைச் சுழியால் வகுத்தாலோ, குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலோ கணினி தரும் விடை. (இதைத் தமிழில் "நான்" என்று எழுதிப் பேசினால் அலுவலகத்தில் வேறு விதமான சண்டை வருகிறது, அதனால் நேன்.) இணையப் பக்கத்துக்குப் போகும் வழியில் அது காலியிடமாகி, திரையில் கோடாக நின்றது.

சர்வருக்குள் என்ன நடந்தது

கண்டுபிடித்தவர் எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். நாங்கள் மூன்று பேர் கோப்பு மாற்றத்தில் ஏதோ எழுத்துப் பிழை என்று துழாவிக்கொண்டிருந்தபோது, அவர் இடையில் வரும் எல்லா எண்களையும் 17 இலக்கத்தில் அச்சிட்டு வரிசையாக வைத்தார். எல்லாம் இரண்டு கணினியிலும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்து, ஒரே ஒரு வரியில் பிரிந்தன.

டிஹெச்சைக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருந்தது பாடப்புத்தகச் சூத்திரம். ஏ வித்தியாசத்தின் வர்க்கம், கூட்டல் பி வித்தியாசத்தின் வர்க்கம், கழித்தல் டிசியின் வர்க்கம், மொத்தத்துக்கும் வர்க்கமூலம். இந்த லாட்டில் ஏ வித்தியாசம் சுழி. பி வித்தியாசம் -0.7. டிசி 0.7. அதாவது 0.7-இன் வர்க்கத்திலிருந்து 0.7-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். சுழி வர வேண்டும். என் லேப்டாப்பில் சுழிதான் வந்தது. சர்வரில் குறை எண் வந்தது: புள்ளிக்குப் பின் 17 சுழி தாண்டி அப்புறம் 22, முன்னால் கழித்தல் குறி.

இதை அருகில் போய்ப் பார்ப்போம். 53 பிட் கொண்ட இரட்டைத் துல்லிய எண்ணில் 0.7 அப்படியே அடங்காது. உள்ளே இருப்பது 0.69999999999999995559 சொச்சம். அதன் உண்மையான வர்க்கம் 0.48999999999999993783 சொச்சம். அதுவும் 53 பிட்டில் அடங்காது, பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு முழுதாக்கினால் 0.48999999999999993561 சொச்சம். அதாவது உண்மையைவிடக் கொஞ்சம் கீழே.

இன்டெல் வகை சர்வரில் இரண்டு பெருக்கல்களும் தனித்தனியாக நடந்தன. இரண்டு விடைகளும் ஒரே மாதிரி முழுதாக்கப்பட்டன. ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் சுழி. ஆர்ம் சிப்பிலோ பெருக்கிக் கழிப்பதை ஒரே கட்டளையாகச் செய்யும் வசதி அடிப்படையிலேயே உண்டு, எஃப்எம்ஏ என்பார்கள். அதில் பெருக்கல் விடை நடுவில் முழுதாக்கப்படுவதில்லை. முழுத் துல்லியத்தோடு கழித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவைதான் முழுதாக்கப்படும். கம்பைலர் எங்கள் வரியைப் பார்த்தது. முதல் வர்க்கத்தை முழுதாக்கி வைத்துக்கொண்டது. இரண்டாவது வர்க்கத்தை முழுதாக்காமல் அதிலிருந்து கழித்தது. கீழே இறங்கிய எண்ணிலிருந்து உண்மையான எண்ணைக் கழித்தால் குறை எண்தானே வரும்?

ஈரோட்டு மஞ்சள் மண்டி தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒருவர் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்தி, கிராமைத் தள்ளிவிட்டு முழுக் கிலோவாக எழுதுகிறார். இன்னொருவர் எல்லா மூட்டையையும் ஏற்றி நிறுத்தி, கடைசியில் மட்டும் கிராமைத் தள்ளுகிறார். இரண்டாமவர் கணக்குதான் உண்மைக்குக் கிட்டே. ஆனால் வரவை ஒருவர் முறையிலும் செலவை இன்னொருவர் முறையிலும் எழுதினால், ஒரே சரக்கு வந்து போயிருந்தாலும் கையிருப்பு குறையில் நிற்கும். நடந்தது இதுதான்.

சிப் இரண்டில் எதுவும் தப்பு செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எஃப்எம்ஏ 1990-இலேயே ஐபிஎம்மின் ஆர்எஸ்/6000 கணினிகளில் வந்துவிட்டது. 2008-இல் திருத்திய ஐஇஇஇ 754 தரநிலையிலும் சேர்ந்தது. இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல் சிப்களில் கொண்டுவந்தது. ஆனால் ஜிசிசி, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், எல்லா 64-பிட் இன்டெல் வகைக் கணினியிலும் ஓட வேண்டும் என்று பழைய அடிப்படைக் கட்டளைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. அந்த அடிப்படையில் எஃப்எம்ஏ இல்லை. 64-பிட் ஆர்மின் அடிப்படையில் இருக்கிறது. பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகக் கட்டிவிடலாமா என்ற கேள்விக்கு ஜிசிசியின் இயல்பான பதில் "கட்டலாம்". ஆக, அதே நிரல், அதே கம்பைலர், அதே தேர்வுகள், வேறு விடை.

நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றும் புதுசு இல்லை. 1985-இன் முதல் ஐஇஇஇ 754 தரநிலைக்கு முக்கியக் காரணமாக இருந்து, 1989-இல் டூரிங் விருது பெற்ற வில்லியம் கஹான், வர்க்கங்களின் வித்தியாசத்தை எஃப்எம்ஏ வைத்துப் போட்டால் இரண்டும் சமமாக இருக்கும்போதே குறை எண் வரலாம், அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் கெட்டது என்று சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் வரி அவர் எச்சரித்த உதாரணமேதான். படித்திருக்கவில்லை.

நேன் எப்படிப் பாஸ் ஆனது

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்ததால் டிஹெச் நேன் ஆனது. நேன் சேர்ந்த எந்தக் கூட்டலும் நேன்தான், ஆகவே டிஈயும் நேன். இதுவரை கம்பைலர் கதை. இதற்கு மேல் முழுக்க எங்கள் கதை.

நிரலில் இருந்த வரி: டிஈ 1.0-ஐ விடப் பெரிதா? ஆம் என்றால் ஃபெயில், இல்லாவிட்டால் பாஸ். நேனை எதோடு வைத்துப் பெரிதா, சிறிதா, சமமா என்று கேட்டாலும் தரநிலைப்படி பதில் "இல்லை". நேன் 1.0-ஐ விடப் பெரிது இல்லை. ஆகவே பாஸ்.

சோதனை ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் இதே பதில். பழைய விடைக்கும் புது விடைக்கும் உள்ள வித்தியாசம் 0.000001-ஐ விடப் பெரிதா? 1.74-க்கும் நேனுக்கும் வித்தியாசம் நேன். பெரிது இல்லை. ஆகவே பச்சை. ஓராண்டு அளவீடுகளில் இப்படி நேன் ஆன வரிகள் இரண்டு இருந்தன என்பது பிறகு தெரிந்தது. எழுத்து மாறாமல் ஒப்பிட்ட பழைய சோதனை அந்த இரண்டையும் பிடித்துத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான தூசி வரிகளுக்கு நடுவே அவையும் கிடந்தன. நாங்கள் மேலே இருந்த நாற்பது ஐம்பது வரிகளைப் புரட்டிவிட்டு மூடிவிட்டோம்.

கறுப்பு, சாம்பல் ஷேடுகளில் மட்டும் இது வந்ததற்கும் காரணம் உண்டு. ஏ, பி இரண்டும் சுழிக்கு அருகில் இருக்கும் ஷேடுகளில், இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண்கள் ஒரே கோட்டில் விழுந்து சாயல் வித்தியாசம் சரியாகச் சுழியாகும் வாய்ப்பு அதிகம். பளிச்சென்ற சிவப்பிலோ மஞ்சளிலோ அது அபூர்வம்.

அன்று எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் மேஜையில் இருந்தன. பழைய சர்வருக்கே திரும்பிவிடலாம் என்பது முதல் யோசனை. அன்று மதியமே திரும்பியும்விட்டோம். பட்டறையில் லாட் நிற்கும்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஆனால் அது தீர்வல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாளைக்கு யாராவது வேகத்துக்காக, இருக்கும் சிப்புக்கு ஏற்றபடி கட்டு என்று இன்டெல் வகையிலேயே கம்பைலரிடம் சொன்னால் அங்கேயும் எஃப்எம்ஏ வந்துவிடும்.

இரண்டாவது வழி, பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகக் கட்டாதே என்று கம்பைலருக்குச் சொல்வது. ஒரே ஒரு தேர்வு, ஆஃப் செய்தால் போதும். செய்தோம். எங்கள் கணக்கு அளவுக்கு வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதுவும் காவலுக்குத்தான். வேறு எண்களில் எஃப்எம்ஏ இல்லாமலேயே அந்தப் பழைய சூத்திரம் குறை எண் தரக்கூடியது: டிசியே வர்க்கமூலத்திலிருந்து வருவதால் அதிலும் முழுதாக்கல் பிழை ஏறியிருக்கும். பழைய சர்வரில் அது எங்களுக்கு நடக்காமல் போனது அதிர்ஷ்டம்.

ஆகவே மூன்றாவது, சூத்திரத்தையே மாற்றுவது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்து அதற்கு மூலம் எடுக்காத வேறு வடிவங்கள் நிறவியலில் உண்டு. இரண்டு அடர்த்திகளின் பெருக்கலுக்கு மூலம் எடுத்து, சாயல் கோண வித்தியாசத்தில் பாதியின் சைனால் பெருக்கி, இரட்டிப்பாக்குவது ஒன்று. ஆனால் சைன் என்று வந்தால் நூலகம். நூலகம் என்று வந்தால் மறுபடி கடைசி இலக்கத் தகராறு. அதனால் அதற்குச் சமமான இன்னொரு வடிவத்தை எடுத்தோம். மாதிரியின் ஏ-ஐ லாட்டின் பி-ஆல் பெருக்கி, லாட்டின் ஏ-ஐ மாதிரியின் பி-ஆல் பெருக்கியதை அதிலிருந்து கழித்து, அடர்த்திகளின் பெருக்கல், ஏக்களின் பெருக்கல், பிக்களின் பெருக்கல் மூன்றையும் கூட்டியதில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுப்பது. இதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் மட்டுமே. இந்த ஐந்தும் எல்லா சிப்பிலும் கடைசி பிட் வரை ஒரே விடை தர வேண்டியவை.

பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இதிலும் ஒரு ஓட்டை அகப்பட்டது. மாதிரியின் பி 0.20, லாட்டின் பி -0.20, ஏ இரண்டிலும் சுழி என்று வைத்தால் சாயல்கள் நேர் எதிர். கீழே இருப்பது சுழி, மேலே இருப்பதும் சுழி. சுழியைச் சுழியால் வகுத்தால் நேன். சாம்பல் ஷேடில் இது நடக்காத காரியம் இல்லை. இந்தத் தடவை சோதனை பிடித்தது, ஏனென்றால் அதற்குள் சோதனையைத் திருத்திவிட்டோம். கீழே இருப்பது சுழியானால் அடர்த்திப் பெருக்கலின் மூலத்தை இரட்டிப்பாக்கு என்று தனி வரி எழுதினோம்.

பாஸ் ஃபெயில் வரியையும் திருப்பிப் போட்டோம். டிஈ 1.0-க்குள் இருக்கிறதா? ஆம் என்றால் மட்டும் பாஸ். மற்றதெல்லாம் பாஸ் இல்லை. எண்ணே வராவிட்டால் "கணக்கு வரவில்லை, மறுபடி அளக்கவும்" என்று மூன்றாவது நிலை. இந்த மாற்றத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொத்த விவகாரத்திலும் முதல் நாளிலிருந்தே இப்படி எழுதியிருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

அதன் பின்

லாட் மாதிரியைவிட வெளுத்திருந்ததால் பட்டறை தப்பித்தது. மேலே கொஞ்சம் கறுப்பு ஏற்றி டாப்பிங் செய்து சரிக்கட்டினார்கள். அடர்ந்திருந்தால் சாயத்தை உரித்திருக்க வேண்டும். வெட்டிய வரைக்கும் துணி நஷ்டம். டாப்பிங் செலவில் பாதியும் வெட்டிய துணியின் விலையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம், அந்த வருடத்துப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள். சர்வர் வாடகையில் மிச்சம் பிடிக்க நினைத்தது இதில் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்து வாரத்து அளவீடுகள் அனைத்தையும் மறுபடி ஓட்டினோம். நேன் ஆனவை இன்னும் மூன்று. இரண்டு உண்மையிலேயே 1.0-க்குள். ஒன்று, வேறொரு பட்டறையின் சாம்பல் ஷேடு, 1.2 சொச்சம். நாங்களே கூப்பிட்டுச் சொன்னோம். அது அதற்குள் தைத்துப் பெட்டி கட்டிப் போய்விட்டிருந்தது. அதைப் பற்றி இதுவரை புகார் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆர்ம் சர்வருக்கே மறுபடி போனோம்.

இன்னும் மாறாதது, இனி மாற்றுவது

எல்லா கணினியிலும் கடைசி பிட் வரை ஒரே விடை என்ற நிலைக்கு நாங்கள் வரவில்லை, வரவும் முயலவில்லை. வேறு வகைக் கருவி வைத்திருக்கும் பட்டறைகளுக்கு அலைநீள அளவுகளிலிருந்து எல், ஏ, பி கணக்கிடும் பகுதியில் கனமூலம் வருகிறது, அதற்கு அடுக்குக் கணக்கு வருகிறது, அங்கே நூலகத்துக்கு நூலகம் 16-ஆம் இலக்கம் இன்னும் ஆடுகிறது. சரியாக முழுதாக்கும் அடுக்குக் கணக்கு நூலகங்கள் இருக்கின்றன. கோர்-மேத் திட்டம் அப்படிப்பட்டது. எங்கள் தேவைக்கு வேறொன்று போதுமென்று பட்டது. ஒரு லாட்டின் டிஈயை ஒரே இடத்தில் ஒரே தடவை கணக்கிட்டு, இரண்டு தசமத்துக்கு முழுதாக்கிச் சேமித்து, பாஸ் ஃபெயிலையும் அந்தச் சேமித்த எண்ணிலிருந்தே சொல்வது. முன்பு சர்வர் ஒரு தடவையும், லேப் கணினியில் ரிப்போர்ட் அச்சிடும்போது இன்னொரு தடவையும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அப்படி இருந்தால் எல்லையில் நிற்கும் ஒரு லாட் திரையில் பாஸாகவும் தாளில் ஃபெயிலாகவும் வர முடியும். முழுதாக்குவதால் எல்லை 1.00-இலிருந்து 1.005-க்கு நகர்கிறதே தவிர மறைவதில்லை என்று எங்கள் மூத்தவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் திரையில் தெரியும் எண்ணும் தீர்ப்பும் ஒன்றோடொன்று முரண்படாது.

சோதனையில் இப்போது இரண்டு கட்டம். முதலில் இரண்டு பக்கத்திலும் நேன் எத்தனை, பாஸ் எத்தனை, ஃபெயில் எத்தனை என்று எண்ணிக்கை ஒப்பீடு. அதில் ஒன்றுகூட மாறக் கூடாது. அப்புறம்தான் இடைவெளி கொடுத்த ஒப்பீடு. அதோடு வேண்டுமென்றே வைத்த மோசமான அளவீடுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன: ஒரே சாயல், நேர் எதிர் சாயல், அடர்த்தி சுழி, 0.7-ம் 1.4-ம். மூன்று கணினிகளில் ஓட்டுகிறோம். தூக்கிப் போட இருந்த அந்தப் பழைய டெஸ்க்டாப்பும் அதில் ஒன்று.

மூன்றாவது நிலையைத் திரையில் என்ன நிறத்தில் காட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. மஞ்சள் என்று நாங்கள் போட்டிருந்தோம். லேப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "மஞ்சள் போட்டீங்கன்னா பாதி பாஸ்னு எடுத்துக்குவாங்க தம்பி. நைட் ஷிஃப்ட்ல யாருங்க எழுத்தைப் படிக்கப் போறாங்க? சிவப்பே போட்டுருங்க." சிவப்பே போட்டிருக்கிறோம்.